செர்பியனும் மலையாளமும்: சொல்லியே ஆக வேண்டியவை

செர்பிய மொழிக்கும் மலையாளத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தெற்கு ஸ்லாவியக் கிளை. மற்றது நம் திராவிடக் குடும்பம், அதிலும் தமிழோடு ஒட்டிப் பிறந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னால், ‘உனக்கு வேறு வேலை இல்லையா?’ என்றுதான் கேட்பார்கள். என் வீட்டில் கேட்டார்கள்.

எனக்கு இந்த இரண்டும் அமைந்தது தற்செயல். நாகர்கோவில்காரர்களுக்கு மலையாளம் பாடம் படித்து வருவதில்லை, காதில் விழுந்து வருவது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பாட்டி கணக்குப் போடுவதும் கோபப்படுவதும் மலையாளத்தில்தான். பிறகு கணவரின் வேலை எங்களை செர்பியாவில் டான்யூப் கரையில் இருக்கும் நோவி சாத் நகரத்துக்குக் கொண்டு வந்தது. மேல்மாடியில் திருச்சூர்த் தம்பதி, கீழ்த்தளத்தில் செர்பிய வீட்டுக்கார அம்மா, நடுவில் நாங்கள். மாடிப்படியில் ஏறி இறங்கினாலே ஒப்பியல் மொழியியல் நடந்துவிடும்.

இப்படி ஒப்பிட உட்காருபவர்கள் முதலில் போய் விழுகிற இடம் ஒலி ஒத்த சொற்களின் பட்டியல். இணையத்தில் அப்படி நிறைய உலவுகின்றன. செர்பியனில் வாழ்க்கைக்கு ‘ஜிவோத்’, மலையாளத்தில் ‘ஜீவிதம்’. வானத்துக்கு ‘நெபோ’, அங்கே ‘நபஸ்’. பகலுக்கு ‘தான்’, அங்கே ‘தினம்’. கணவனை இழந்தவள் ‘உதோவித்ஸா’, அங்கே ‘விதவ’. ஒன்றும் பொய் இல்லை. எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்கள்தாம். ஆனால் உறவு செர்பியனுக்கும் சமஸ்கிருதத்துக்கும். மலையாளம் அவற்றைக் கடனாக வாங்கி வைத்திருக்கிறது, அவ்வளவே. மலையாளியிடம் அவருடைய சொந்தச் சொல்லைக் கேளுங்கள்: வானத்துக்கு ‘மானம்’ என்பார், பகலுக்குப் ‘பகல்’ என்றே சொல்வார். ஸ்லாவிய வாடையே இருக்காது.

பட்டியல் போடுபவர்களுக்கென்றே செர்பியன் ஒரு குழியும் வெட்டி வைத்திருக்கிறது. அந்த மொழியில் ‘ஸ்வாஸ்திகா’ என்றால் மனைவியின் சகோதரி, நம் கொழுந்தியாள். மங்கலச் சின்னத்துக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழைய ஸ்லாவிய உறவுச்சொல் தேய்ந்து வந்த வடிவம் அது. கொழுந்தியாள் வீட்டுக்கு வந்தால் சுபம் என்று யாராவது விளக்கம் எழுதியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

வியாபாரத்தில் ஊர் சுற்றிய சொற்கள் இவற்றைவிட நாணயமானவை. நோவி சாத் கடையில் பொருள் வாங்கினால் ‘கெஸா’ வேண்டுமா என்று கேட்பார்கள், அதாவது பை. திருச்சூர்க்காரர் சில்லறையைப் போட்டுக்கொள்ளும் சட்டைப்பை ‘கீச’. இரண்டுமே பாரசீகப் பணப்பை. ஒன்று துருக்கியர் வழியாக பால்கன் பக்கம் போயிற்று, மற்றது கேரளக் கரைக்கு வந்தது. செர்பியனின் சர்க்கரை ‘ஷெச்செர்’. அதன் முன்னோர் துருக்கியிலும் பாரசீகத்திலும், அதற்கு முன் இந்தியாவின் சர்க்கராவிலும் இருக்கிறார்கள். கேரளத்தில் ‘சர்க்கர’ என்றால் வெல்லம். எனக்கு மிகவும் பிடித்தது ‘ஜும்பிர்’. இஞ்சிக்குச் செர்பியச் சொல் அது. லத்தீன், கிரேக்கம், பிராகிருதம் என்று பின்னோக்கி நடந்தால் கடைசியில் நம் ‘இஞ்சிவேர்’ நிற்கிறது என்பது சொற்பிறப்பியலார் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் வழி. மேல்மாடி அக்கா இஞ்சிச் சாயா போடும்போதெல்லாம் இதை நான் சொல்கிறேன். அவர் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆனாலும் இதெல்லாம் மேல்தோல். எழுத்துக்கு வந்தால்தான் இரண்டு மொழிகளின் குணமும் தெரிகிறது.

செர்பிய எழுத்தைப் பற்றிப் பேசினால் வூக் கராஜிச் என்ற மனிதரில்தான் தொடங்க வேண்டும். 1787-இல் த்ர்ஷிச் என்ற கிராமத்தில் பிறந்தவர். ‘வூக்’ என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்காததால், சூனியக்காரிகள் நெருங்கக் கூடாது என்று அந்தப் பெயரை வைத்தார்கள். பிள்ளை தங்க வேண்டும் என்பதற்காகப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்த ஊர்க்காரியான எனக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. நாம் குழந்தையை யமன் கண்ணுக்கு மட்டமாகக் காட்டுகிறோம். அவர்கள் பல்லைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்.

அவர் காலத்தில் படித்த செர்பியர்கள் எழுதியது தேவாலய ஸ்லாவியமும் ரஷ்ய வாடையும் கலந்த ஒரு நடை. குடியானவருக்கு அது புரியாது. ‘பேசுவதுபோல் எழுது, எழுதியிருப்பதுபோல் படி’ என்ற ஜெர்மானியக் கொள்கையை வூக் கையில் எடுத்தார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, மொத்தம் 30 எழுத்துகள். வேண்டாதவற்றை வெட்டி எறிந்தார், இல்லாதவற்றை உருவாக்கினார். ய-கர ஒலிக்கு லத்தீனிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து, செர்பியர் எழுதிவந்த சிரிலிக் லிபியில் நட்டதற்கு, கத்தோலிக்கத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறார் என்று ஆர்த்தடாக்ஸ் சபையினர் கொதித்தார்கள். 1818-இல் வியன்னாவில் அவருடைய அகராதி வெளிவந்தது. சுமார் 26,000 சொற்கள். மக்கள் வாயில் புழங்கிய கெட்ட வார்த்தைகள் உட்பட. செர்பியாவில் அவருடைய எழுத்துமுறைக்கு முழு அங்கீகாரம் கிடைத்தது 1868-இல். அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

இந்தக் கொள்கை எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரே ஒரு சான்று. தமிழ் எழுத்தில் இதைக் காட்டுவது சிரமம் என்பதால் ‘பம்பரம்’ என்ற சொல்லைத் துணைக்கு அழைக்கிறேன். அதில் முதல் ப வேறு ஒலி, இரண்டாவது ப வேறு ஒலி. செர்பியரைக் குறிக்கும் ‘ஸ்ர்பின்’ என்பதில் வருவது பம்பரத்தின் இரண்டாவது ப. மொழியைக் குறிக்கும் ‘ஸ்ர்ப்ஸ்கி’யில், அடுத்து ஸ் வருவதால், அது பம்பரத்தின் முதல் ப-வாக மாறிவிடுகிறது. வாய் மாறினால் கையும் மாற வேண்டும். எழுத்தையே மாற்றி எழுதுகிறார்கள். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆனதும் ன-வை ற-வாக்கி எழுதும் நமக்கு இது அதிசயம் இல்லை. புணர்ச்சி விதியை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த எவரும் வூக்கின் கட்சியில் சேரலாம்.

ஆனால் அந்த எழுத்திலும் ஓட்டை உண்டு. செர்பியனில் நான்கு வகை அசையழுத்தம் இருக்கிறது: குறிலில் ஏறுவது, குறிலில் இறங்குவது, நெடிலில் ஏறுவது, நெடிலில் இறங்குவது. அகராதிகள் குறியிட்டுக் காட்டும், செய்தித்தாள் காட்டாது. ‘கோரே கோரே கோரே கோரே’ என்று நான்கு முறை ஒரே சொல்லை எழுதிவிட்டு ‘மேலே காடுகள் இன்னும் மோசமாக எரிகின்றன’ என்று அர்த்தம் சொல்வது அவர்களுக்குப் பழைய விளையாட்டு. ‘மேலே’, ‘காடுகள்’, ‘எரிகின்றன’, ‘இன்னும் மோசமாக’ என்று நான்கும் வேறு வேறு சொற்கள். வாய் பிரித்துவிடும். காகிதத்தில் நான்கும் ஒன்றுதான்.

மலையாளத்திலும் இதுபோல் ஒரு ஓட்டை உண்டு. அதைப் பார்க்கத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். நனைந்தேன் என்பதற்கு மலையாளி ‘நனஞ்ஞு’ என்பார். முதல் எழுத்தை நாக்கு பல்லில் தொட்டு ந என்கிறார், அடுத்ததை மேலண்ணத்தின் முன்புறம் தொட்டு ன என்கிறார். அவர் எழுத்திலோ இரண்டுக்கும் ஒரே வடிவம்! நம் ‘வந்து’ என்பதிலிருந்து வந்த ‘வந்நு’வில் பல்லொலி, நம் ‘ஒன்று’ என்பதிலிருந்து வந்த ‘ஒன்னு’வில் அண்ணவொலி, எழுதினால் அதே இரட்டை எழுத்துதான். கேரள பாணினி என்று பெயர் பெற்ற ஏ.ஆர். ராஜராஜவர்மா தம் இலக்கணத்தில் ன-வுக்குத் தனி எழுத்து வைத்துக் காட்டினார். இலக்கணம் நிலைத்தது, அந்த எழுத்தை ஊர் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது நம் கதையைப் பாருங்கள். நம்மிடம் ந-வும் ன-வும் தனித்தனி எழுத்துகளாக அழகாக இருக்கின்றன. பேச்சிலோ பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். எங்கே எதைப் போடுவது என்று பள்ளிக்கூடத்தில் விதி சொல்லித்தான் பழக்குகிறோம். ஒலியைக் காப்பாற்றியவர்கள் எழுத்தை விட்டார்கள், எழுத்தைக் காப்பாற்றியவர்கள் ஒலியை விட்டார்கள். மேல்மாடிக் குழந்தை ‘நனஞ்ஞு’ என்று சொல்லும்போது, தொல்காப்பியம் பிறப்பியலில் சொன்ன நாக்கு நிலை ஏழு வயதுப் பெண்ணின் வாயில் தானாக அமைகிறது. என் மகனுக்கு நான் கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எழுத்துச் சண்டையில் இரண்டு ஊர்களும் சளைத்தவை அல்ல. செர்பியாவில் இரண்டு லிபிகள். 2006 அரசியல் சாசனப்படி அரசு அலுவலுக்குச் சிரிலிக். ஆனால் குறுஞ்செய்தியும் கடைப் பலகையும் பெரும்பாலும் லத்தீன். ‘பொலித்திகா’ நாளிதழ் சிரிலிக்கில் வருகிறது, ‘ப்ளித்ஸ்’ லத்தீனில் வருகிறது, ஒரே ஆள் இரண்டையும் வாங்கிப் படிக்கிறார். எந்த லிபியில் படித்தோம் என்பதுகூடப் பல நேரம் அவருக்கு நினைவிருக்காது. கேரளத்தில் 1971-இல் தட்டச்சுப் பொறிக்காகக் கூட்டெழுத்துகளை உடைத்தார்கள். 1978-இல் நாம் ணை, லை ஆகியவற்றின் தும்பிக்கையை வெட்டியது அதற்கு முன்னால் சிறு முடிதிருத்தம். பிறகு கணினி வந்தது, உடைக்க வேண்டிய காரணமே போயிற்று, பழைய கூட்டெழுத்துகள் எழுத்துருக்களில் திரும்பி வந்துவிட்டன. இயந்திரத்துக்காக எழுத்தைத் திருத்துபவர்கள் அந்த இயந்திரத்தின் ஆயுளையும் கொஞ்சம் விசாரிப்பது நல்லது.

எழுதாமல் விடுவது ஒரு பக்கம். சொல்லாமல் விட முடியாதது என்று ஒன்று ஒவ்வொரு மொழியிலும் உண்டு. ஒப்பிட வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

மேல்மாடி அக்காவிடமிருந்து கைப்பேசியில் ‘வந்நு’ என்று ஒற்றைச் சொல்லில் செய்தி வரும். யார் வந்தது? அவரா, அவர் கணவரா, குழந்தையின் பள்ளிப் பேருந்தா, காலையிலிருந்து காத்திருந்த கூரியரா? மலையாள வினை யாரையும் காட்டிக்கொடுக்காது. ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. எல்லோருக்கும் ஒரே வந்நு. பழைய பாட்டுகளில் ‘சொன்னான்’, ‘சென்னான்’ என்று நம்மைப்போல் விகுதி இருந்தது. மலையாளம் அதை வழியில் உதிர்த்துவிட்டது.

கீழே செர்பிய அம்மாவிடம் நான் அதையே சொல்ல வேண்டும் என்றால் ‘தொஷ்லா சம்’. ஆண் சொன்னால் ‘தொஷாவோ சம்’. தன்னிலையிலேயே, அதாவது ‘நான்’ என்று பேசும்போதே, ஆணா பெண்ணா என்று வினை அறிவித்துவிடும். பெயரில்லாமல் கடிதம் எழுத நினைக்கும் செர்பியப் பெண் இறந்த காலத்தைத் தொட்டாலே அகப்பட்டுக்கொள்வாள். தமிழ் நடுவில் நிற்கிறது. ‘வந்தேன்’ என்றால் நான் யாரென்று தெரியாது, ‘வந்தாள்’ என்றால் அவள் யாரென்று தெரியும். நம்மைப் பற்றி மறைக்கலாம், அடுத்தவரைப் பற்றி மறைக்க முடியாது. நம் ஊர்க் குணத்துக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பன்மைக்கு வந்தால் கதை தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போகிறோம் என்று வீட்டுக்கார அம்மா சொன்னால், அந்த ‘மி’ என்ற சொல்லில் நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கூடை எடுத்துக்கொண்டு கிளம்புவதா, ‘போய்வாருங்கள்’ என்று கையசைப்பதா? தமிழில் நாம், நாங்கள். மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். அழைப்பு உண்டா இல்லையா என்பது முதல் சொல்லிலேயே முடிந்துவிடும். இவ்வளவு விருந்தோம்பல் உள்ள மக்கள் இந்த வேறுபாடு இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எண்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஒரு மணி ‘ஸாத்’, இரண்டு, மூன்று, நான்கு மணி ‘ஸாத்தா’, ஐந்திலிருந்து ‘ஸாத்தி’. இருபத்தொன்றில் மறுபடி ‘ஸாத்’. மலையாளி பத்து மாங்காய்க்கும் ‘பத்து மாங்ங’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

எதிர்பாராத இடத்தில் இரண்டும் கைகோத்ததும் உண்டு. மலையாளத்தில் ‘வெள்ளம் இல்ல’ என்றால் தண்ணீர் இல்லை. ‘வெள்ளம் அல்ல’ என்றால் இது தண்ணீர் அல்ல, வேறேதோ. செர்பியனில் முதலாவதுக்கு ‘நேமா’, இரண்டாவதுக்கு ‘நியே’. இருப்பதை மறுப்பது வேறு, இன்னதென்பதை மறுப்பது வேறு என்று இரண்டு மொழிகளும் தனித்தனிச் சொல் வைத்திருக்கின்றன. உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே பிரிவைச் செய்திருக்கின்றன. தமிழ்ப் பேச்சிலோ ‘அது நான் இல்லை’ என்று சொல்லிச் சொல்லி அல்ல-வை எழுத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். செர்பியன் கற்ற முதல் மாதத்தில் எனக்கு எளிதாக வந்த ஒரே பகுதி இதுதான். வினைகளின் முற்றுவடிவமும் அவ்வளவு பயமுறுத்தவில்லை: எழுதிக்கொண்டிருந்ததற்கு ‘பிஸாவோ’, எழுதிவிட்டதற்கு ‘நபிஸாவோ’. நம் ‘விடு’வை அவர்கள் சொல்லுக்கு முன்னால் ஒட்டுகிறார்கள்.

இனி உறவுமுறை. ஆங்கிலம் படித்துவிட்டு ஐரோப்பா முழுவதும் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டிதான் என்று நினைத்திருந்த எனக்கு, செர்பிய உறவுச்சொற்களைக் கேட்டதும் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. அப்பாவின் சகோதரன் ‘ஸ்த்ரித்ஸ்’, அம்மாவின் சகோதரன் ‘உயாக்’. சித்தப்பாவும் தாய்மாமனும் வேறு என்று தெரிந்த மொழி! கணவனின் தம்பியோ அண்ணனோ ‘தேவெர்’, கணவனின் சகோதரி ‘ஸாவோவா’, அதாவது நாத்தனார், மேல்மாடியில் ‘நாத்தூன்’. மனைவியின் சகோதரன் ‘ஷூராக்’. ஓரகத்திக்கும் ஒரு சொல் இருக்கிறது: ‘யேத்ர்வா’. சகலைக்கும் இருக்கிறது: ‘பாஷெனோக்’. மாமியாரிலும் இரண்டு வகை. கணவனின் தாய் ‘ஸ்வேக்ர்வா’, மனைவியின் தாய் ‘தாஷ்தா’. அண்ணன் தம்பிகள் மனைவி மக்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்து ஒரே நிலத்தை உழுத ‘ஸாத்ருகா’ என்ற கூட்டுக்குடும்பத்தில் இந்தச் சொற்கள் இல்லாமல் ஒரு நாள் சமையல்கூட நடந்திருக்காது. இன்றைய பிள்ளைகள் யேத்ர்வா யார், ஸாவோவா யார் என்று பாட்டியிடம் கேட்டுக்கொள்கிறார்கள். அதுவும் நம் ஊர்போலத்தான்.

மலையாளத்தில் கனம் முழுவதும் ‘அம்மாவன்’ பக்கம். மருமக்கத்தாயக் குடும்பங்களில் சொத்து பெண்வழி இறங்கியது, தறவாடு என்ற கூட்டுக்குடும்பத்தை நடத்திய காரணவர் தாய்வழி மூத்த ஆண், அப்பா வந்து போகிறவர். கூட்டுக்குடும்ப முறையை ஒழித்த கேரளச் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. தறவாடு போய்விட்டது, அம்மாவன் என்று சொல்லும்போது குரலில் வரும் எடை போகவில்லை. செர்பிய உயாக் அப்படி இல்லை, செல்லம் கொடுக்கிறவர். அதிகாரம் ஸ்த்ரித்ஸ் பக்கம்.

இதையெல்லாம் வீட்டுக்கார அம்மாவோடு ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன். மேல்மாடி அக்காவும் இருந்தார். செர்பியனில் மாமன் மகளை ‘செஸ்த்ரா ஓத் உயாகா’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தாய்மாமன் வழிச் சகோதரி. சித்தப்பா மகனும் சகோதரன்தான், அத்தை மகனும் சகோதரன்தான். எங்களிடம் சித்தப்பா பிள்ளைகள் அண்ணன் தம்பி, மாமன் பிள்ளைகள் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள் என்றேன். ‘பிறகு அவர்கள் யார்?’ என்றார். அக்கா மலையாளச் சொல்லைச் சொன்னார்: ‘முறப்பெண்ணு’. முறைப்பெண், கட்டிக்கொள்ள உரிமை உள்ளவள்.

அந்த அம்மா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். ‘உயாக் மகளையா?’

இப்போதெல்லாம் குறைந்துவிட்டது என்று அக்கா சமாதானம் சொன்னார். கேரளத்தில் பல வீடுகளில் யாரும் நினைப்பதுகூட இல்லை என்றார். நான்தான் சும்மா இராமல், சொல்லில் இன்னும் இருக்கிறது என்றேன். மலையாளத்தில் மாமியார் ‘அம்மாயியம்ம’, மாமனார் ‘அம்மாயியச்சன்’; அம்மாயி என்றால் அத்தை, மாமனின் மனைவி. தமிழில் அந்தச் சுற்றுவழியும் கிடையாது, அம்மாவின் சகோதரனும் மாமா, கணவனின் அப்பாவும் மாமா.

அவர் விரல்விட்டு எண்ணினார். உயாக், ஸ்வேகர், தாஸ்த்: தாய்மாமன், கணவனின் தந்தை, மனைவியின் தந்தை. ‘நாங்கள் மூன்று பேர் என்று வைத்திருப்பதை நீங்கள் ஒரே ஆளாக்கிவிட்டீர்கள்’ என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘கல்யாணச் சாப்பாட்டுச் செலவாவது மிச்சமா?’ என்று கேட்டார். அக்காவுக்கு அவசரமாகச் செர்பியனில் பதில் வரவில்லை. என்னைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார், மிச்சமே இல்லை, இரண்டு தரப்பு விருந்தாளிகளும் ஒரே ஆட்கள் என்பதால் இரண்டு முறை சாப்பிடுவார்கள் என்று. அதை நான் செர்பியனில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு, விருந்தாளி, சாப்பிடுவார்கள் என்று மூன்று விகுதிகளை யோசிக்க வேண்டியிருந்தது.